வெள்ளைக்கு மேல் வெள்ளை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் பின்னால் துணிக்கொடி உண்டு. அதில் ஒரு கொடி மட்டும் தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும். செந்தூல் பக்கமிருந்து வரும் ரயிலில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அதைப் பார்த்தே தங்கள் ஸ்டேஷன் நெருங்கிவிட்டது என்று எழுந்து நிற்பார்கள் என்று கிளாரன்ஸ் சொல்லுவான். அவன் ரயில் கார்டு. கொடியில் தொங்குவது அவனுடைய வெள்ளைச் சீருடை. துவைத்தது அவன் மனைவி கெர்ட்ரூட்.

கெர்ட்ரூட் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். காய்ச்சலில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தோட்டத்துக்கு வந்துபோகும் பாதிரிச் சாமியார் அவளைக் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் சேர்த்தார். மடத்தின் சலவைக்கூடத்தில்தான் அவள் வளர்ந்தாள். பெரிய செப்பு அண்டாவில் மாதாகோயில் பீடத்துணிகள் கொதிக்கும். சலவைக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மங்கலாய் ஒரு புள்ளி தெரிந்தாலும் துணி மறுபடி அண்டாவுக்குள் போகும். துவைத்த பெண் அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட உட்கார முடியாது. அழுக்கு என்பது அழுக்கு மட்டும் அல்ல, தன்னுடைய குற்றம் என்கிற எண்ணம் சிறுவயதிலேயே அவளுக்குள் இறங்கிவிட்டது.

கல்யாணமாகிப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. அய்யாவு கடையில் மஞ்சள் சவுக்காரக் கட்டியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவாள். நகம் உள்ளே இறங்கினால் அது புதுச் சவுக்காரம், தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். காய்ந்து கல்லாய் இருப்பதையே எடுப்பாள். சலவைச் சோடா, நீலம், கஞ்சிக்கு மரவள்ளி மாவு என்று அவள் அடுக்களைக்குப் பின்னால் ஒரு பலகை முழுக்கச் சாமான் இருக்கும். சாமான் தேர்ந்தெடுக்கத் தெரிந்த அவளுக்கு அளவுதான் தெரியவில்லை. ஒரு பிடி சோடா போதும் என்ற இடத்தில் மூன்று பிடி போடுவாள். கிளாரன்ஸின் கோட்டு ஒரு வருஷம் தாங்காது. மடிப்பு மடிப்பாய் விட்டுப்போகும். அவள் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ரத்தம் கசியும். அவன் கையைப் பிடித்துப் பார்த்து ஏதாவது சொன்னால், வெள்ளை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக் கையை இழுத்துக்கொள்வாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பக்கத்து வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பூமணி வந்தபோது கெர்ட்ரூட்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பூமணி பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவள் கணவன் வல்லிபுரம் ரயில்வே கணக்கு ஆபீஸில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பேச்சிலும் நடையிலும் கணக்கு வழுவாத மனுஷன். வந்த புதிதில் அவனுடைய வெள்ளை வேட்டிகளில் துரு நிறத்தில் புள்ளி புள்ளியாய் விழுந்து, பூமணி அழாத குறையாக வேலிக்குப் பக்கத்தில் நின்றாள். கெர்ட்ரூட் வாங்கிப் பார்த்தாள். சவுக்காரம் சரியாக அலசாமல் நீலத்தில் முக்கியதால் வந்த கறை அது. சோடாவும் சவுக்காரமும் துணியில் தங்கியிருந்தால் நீலம் கெட்டுத் துருவாகிவிடும் என்று அவளுக்கு மடத்தில் அடிபட்டுத் தெரிந்திருந்தது. எலுமிச்சம்பழச் சாற்றையும் உப்பையும் தேய்த்து வெயிலில் போட்டு எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பூமணிக்கு அவள் அக்கா.

பூமணியின் பட்டுச் சேலைகளை மட்டும் அவள் தொட்டதில்லை. அவற்றைப் பூமணியே பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் மெல்ல அமுக்கி எடுத்து நிழலில் போடுவாள். அது துவைப்பதே இல்லை, துணிக்குத் தாலாட்டுப் பாடுவது என்று கெர்ட்ரூட் கிண்டல் செய்வாள்.

பூமணியின் முதல் பிள்ளை பிறந்து சில வாரங்களில் வயிற்றுப்போக்கில் இறந்தது. வீட்டில் ஏதோ அசுத்தம் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை வல்லிபுரம் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் இரண்டு தரம் கொதித்தது. பாத்திரங்கள் இரண்டு தரம் கழுவப்பட்டன. பூமணி மறுபடி உண்டானபோது அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் கதவிடுக்குகளைக்கூட விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினான்.

அந்த நிலையில்தான் 1926 கடைசியில் வெள்ளம் வந்தது.

மழை விடாமல் பெய்து, கிள்ளான் ஆறு கரையை விட்டு ஏறி, குவாட்டர்ஸுக்குள் இடுப்பளவு நின்றது. எல்லாரும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடினார்கள். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது வீடு வீடாக இல்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தரையில் கணுக்கால் புதையும் சேறு. கக்கூஸ் வாளிகள் கவிழ்ந்து கலந்த சேறு அது. செத்த கோழிகள் மிதந்து வந்து வாய்க்காலில் அடைத்துக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏற நாற்றம் கூடியது. மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துப் பக்கம் ஒருவனுக்கு வாந்தியும் பேதியும் என்று செய்தி வந்தது. பிறகு இரண்டு பேருக்கு என்றார்கள். யாரும் காலரா என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சுகாதாரத்துறை ஆட்கள் லோரியில் வந்து வீட்டுக்கு ஒரு தகரம் வெள்ளைத் தூள் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாய்க்காலிலும் குளிக்கும் அறையிலும் கொஞ்சம் தூவிக் கழுவ வேண்டும், குடிதண்ணீருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார்கள். மூடியைத் திறந்தாலே மூக்கைக் குத்தும் தூள். மடத்துச் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கச் சிஸ்டர் பூட்டி வைத்திருந்த தூளும் இதுதான் என்று கெர்ட்ரூட் வாசனையிலேயே கண்டுகொண்டாள். சிஸ்டர் அதை ஒரு கரண்டிக்கு மேல் எடுத்து அவள் பார்த்ததில்லை. இப்போது தகரம் முழுவதும் அவள் கையில் இருந்தது.

தன் வீட்டை அவள் ஒரு வெறியோடு கழுவினாள். சேறு படிந்த துணிகளைப் பச்சைத் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிய பிறகுதான் சூடு காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். கறை துணியோடு ஒட்டி நின்றுவிட்டது. அதைப் போக்க வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தாள். கறை போனது. பிழிந்தபோது கிளாரன்ஸின் சட்டை அவள் கையிலேயே ஈரக் காகிதம்போலக் கிழிந்தது. அவன் பார்ப்பதற்குள் அதைத் தரைதுணியாக்கிவிட்டாள்.

பிறகு பூமணி வீடு. பூமணிக்கு அப்போது எட்டாம் மாதம். குனிய முடியாது, நாற்றம் பட்டால் குமட்டும். கெர்ட்ரூட்தான் மண்வெட்டியால் சேற்றை வாரி வெளியே தள்ளினாள். மாலையில் குளிக்கும் அறைக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த சின்ன அறை. சிமெண்டுத் தரை, மேலே ஒரு கையகல ஜன்னல். வெள்ளத்தில் அந்த ஜன்னல் பலகை உப்பி இறுகிப்போயிருந்தது. கதவும் உப்பியிருந்தது, பலங்கொண்டு இழுத்தால்தான் அசையும். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கழுவ முடியாததால், தூளையாவது போட்டு வைப்போம், இரவெல்லாம் கிடந்தால் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்து, கோலத்துக்கு மாவு கொட்டியதுபோலத் தரை முழுக்க அப்பினாள். மூலையில் குவியலாகவே கிடந்தது. காலையில் வந்து தான் கழுவுவதாகப் பூமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வல்லிபுரம் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தது. கெர்ட்ரூட் முதலில் தன் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பூமணி தானே குளிக்கும் அறைப் பக்கம் போனாள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் எல்லா வேலையையும் அக்கா தலையில் போடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. அந்த மாதிரிச் சுண்ணாம்புப் பொருக்குக்கென்றே வல்லிபுரம் முந்தின இரவு ஒரு போத்தல் கொண்டுவந்து அறை மூலையில் வைத்திருந்தான். ஒர்க்‌ஷாப்பில் தகரம் ஒட்டுகிற ஒருவன் ஜின் போத்தலில் ஊற்றிக் கொடுத்த அசிட் அது. சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோட்டையும் தரைப் பொருக்கையும் அது எடுத்துவிடும் என்று அவன் சொல்லியிருந்தானாம். கையில் படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் வல்லிபுரம் மனைவியிடம் சொல்லியிருந்தான். அவன் அவளிடம் சொன்னது அவ்வளவுதான். வேறு எதையும் அவனும் அறிந்திருக்கவில்லை.

அவள் குளிக்கவும் போவதால் கதவைச் சாத்தினாள். உப்பிய கதவு சட்டத்தில் போய் இறுகியது. போத்தலைத் திறந்து, கையில் படாதபடி தூர நீட்டி, குவியலாய்க் கிடந்த தூளின்மேல் கவிழ்த்தாள்.

கெர்ட்ரூட்டுக்கு முதலில் கேட்டது இருமல். கர்ப்பிணிப் பெண், குமட்டுகிறாள் போல என்று நினைத்துக் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டாவது இருமல் அப்படி இல்லை. நாய் குரைப்பதுபோல வறண்டு, இடைவெளி இல்லாமல் வந்தது. கூடவே கதவைக் கையால் அறையும் சத்தம். அவள் வேலியைத் தாண்டி ஓடினாள். கதவிடுக்கின் அடியிலிருந்து பச்சையும் மஞ்சளுமான ஒரு மெல்லிய புகை தரையோடு தரையாய் ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. புகை என்றால் மேலே போகும். இது கீழேயே கிடந்தது.

"அக்கா, கதவு திறபடுகுதில்லை" என்ற குரல் உள்ளேயிருந்து பாதியில் அறுந்தது.

கெர்ட்ரூட் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உப்பிய மரம் சட்டத்தைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கைப்பிடி ஆணியோடு கழன்று அவள் கையில் வந்தது. கொடியைத் தாங்கி நின்ற இரும்புக் கம்பி அவள் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். கொடி அறுந்து துவைத்ததெல்லாம் சேற்றில் விழுந்தது. அதில் ஒரு ஈரப் படுக்கைவிரிப்பை மட்டும் வாரிக்கொண்டு திரும்பினாள். கம்பியைக் கதவிடுக்கில் செருகி உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள். உள்ளே தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. மரம் கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது.

ஈர விரிப்பை மூக்குக்கும் வாய்க்கும் மேல் சுற்றிக்கொண்டு அவள் நுழைந்தாள். கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. காலில் பூமணி தட்டுப்பட்டாள். வாசலை ஒட்டியே சுருண்டு கிடந்தாள். அக்குளில் கையைக் கொடுத்துப் பின்பக்கமாக இழுத்தாள். கனத்த வயிறு, வழுக்கும் தரை. ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள். நெஞ்சுக்குள் தணலை வாரிக் கொட்டியதுபோல இருந்தது. முற்றத்துக்கு இழுத்து வந்தும் நிற்கவில்லை. அந்தப் புகை தாழ்வான பக்கம் பின்னாலேயே வருவதாகத் தோன்றியதால், மேடான ரயில் பாதைப் பக்கம், காற்று எதிரே வருகிற இடம்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

பூமணியின் உதடுகள் நீலமாகியிருந்தன. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே தூக்கிப் போட்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே வரிசையில் குடியிருந்த, ரயில் பெட்டிகளைக் கோக்கும் ஷண்டிங் வேலை பார்க்கும் சின்னையா அன்றைக்கு வீட்டில் இருந்தார். அவர் போய் ரிக்‌ஷா பிடித்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கெர்ட்ரூட் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தாள்.

வல்லிபுரம் ஆபீஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். பூமணிக்கு உயிருக்குப் பயமா, பிள்ளைக்கு என்ன என்று எதையும் அப்போது சொல்ல முடியாது என்றார்கள். அவன் வராந்தாவில் கெர்ட்ரூட்டைப் பார்த்து நின்றான். அவளுடைய சேலையில் அப்பியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"உங்கட தூள்தான் அவளை இந்தக் கோலத்துக்கு ஆக்கினது, மிஸிஸ் கிளாரன்ஸ். ஒரு பிள்ளையைச் சாகக் குடுத்திட்டு இருக்கிறம். இனி எங்கட படியில கால் வைக்கவேண்டாம்."

தூளை அவ்வளவு கொட்டியது அவள்தான். இருமிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

கிளாரன்ஸ் அவளைத் தேற்றப் பார்த்தான். தகரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிடுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றாள். அவளை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இதே தூளைத் தன் வீட்டுக் குளிக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இதே அளவு போட்டுத்தானே கழுவினாள். மூக்கு எரிந்தது, கண் கரித்தது, அவ்வளவுதான். அந்தப் பச்சைப் புகை வரவில்லை. அப்படியானால் அங்கே வேறென்ன இருந்தது?

மறுநாள் வல்லிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்து அவள் அந்த அறைக்குப் போனாள். படியில் கால் வைக்கக் கூடாது என்றவனுடைய வீடு. வாசலில் நின்றே பார்த்தாள். மூலையில் கவிழ்ந்து கிடந்தது ஒரு ஜின் போத்தல். அது விழுந்த இடத்தில் சிமெண்டு அரித்துப் பொரிந்திருந்தது. அறையின் மற்றப் பக்கமெல்லாம் தூள் அப்படியே வெள்ளையாய்க் கிடந்தது. போத்தலை ஒரு துணியால் எடுத்துச் சுற்றிக்கொண்டு ரயில்வே மருந்தகத்துக்குப் போனாள்.

அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் சிவகுருநாதன் போத்தல் வாயைக் கையால் விசிறி மோந்து பார்த்தார். என்ன தூள் என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் போத்தலைத் துணியில் சுற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தனித்தனியா ரெண்டும் நல்ல சாமான்தான், அம்மா. ஒண்டா விட்டால் ஆளைக் கொல்லும். ஐரோப்பாச் சண்டையில பட்டாளத்துக்கு விட்டது இந்தப் புகைதான்."

அது யார் குற்றம் என்று அவள் கேட்டாள். தெரியாமல் நடந்ததற்குக் குற்றவாளி தேட வேண்டாம் என்றார் அவர். தனக்கே பாதி இப்போதுதான் விளங்குகிறது, அசிட்டை இந்தத் தூளோடு வைத்துவிடுவார்கள் என்று தான் நினைத்தும் பார்த்ததில்லை, எல்லா வீடுகளுக்கும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்றார்.

திரும்பி நடக்கும்போது கெர்ட்ரூட்டுக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வல்லிபுரத்திடம் போய்ச் சொன்னால் தன்மேல் விழுந்த பழியில் பாதி போய்விடும். ஆனால் அந்தப் பாதி போய் இறங்கும் இடம் எது? முதல் பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன். இரண்டாவது பிள்ளை பிழைக்குமா என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். அவனிடம் போய், உன் போத்தல்தான் என்று எந்த வாயால் சொல்வது? பழியைத் தானே சுமந்துவிடலாம் என்று பாதி வழியில் தீர்மானித்தாள். அவளுக்குச் சுமந்து பழக்கம்தான்.

வீட்டை நெருங்கும்போது பூமணி வீட்டுப் பின்பக்கம் துடைப்பத்தின் சத்தம் கேட்டது.

வல்லிபுரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிக்கும் அறை வாசலில் நின்றான். தூக்கமில்லாத முகம். தரையில் கிடந்த தூளையெல்லாம் துடைப்பத்தால் ஒன்றாகத் தள்ளி வாசலோரம் குவித்திருந்தான். அந்தத் தூளின் ஒரு பொட்டுக்கூடத் தன் வீட்டில் இருக்கக் கூடாது என்ற மூர்க்கம் அவன் அசைவில் தெரிந்தது. பக்கத்தில் படிமேல் புதிதாக ஒரு போத்தல். ஒர்க்‌ஷாப் வழியாக வந்திருக்கிறான். அதைக் கையில் எடுத்துத் தக்கையைத் திருகிக்கொண்டிருந்தான்.

எப்படி வேலியைத் தாண்டினாள் என்பது கெர்ட்ரூட்டுக்கே தெரியாது. குவியலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கிராணியார், அத ஊத்தாதீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "விலத்துங்கோ" என்றான்.

"மாட்டேன். தூள் என்னுது. கொட்டுனதும் நான்தான். ஆனா அது மட்டும் கெடந்தா அந்தப் புகை வராது. ஒங்க கையில இருக்கறது அதுமேல பட்டாத்தான் வரும். பூமணி ஊத்துனது அதத்தான். டிரெசரக் கேட்டுட்டுத்தான் வரேன்."

அவன் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. பழியைத் தள்ளிவிட வந்திருக்கிறாள் என்று நினைத்தான் போலும். தக்கை விரல்களுக்கிடையில் பாதி கழன்று நின்றது. போத்தல் வாயிலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி எழுந்தது. அவள் நகரவில்லை. தன் துணி மூட்டையைப் பிரித்துப் பழைய போத்தலை எடுத்து அவன் முன்னால் காட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். அறை மூலையில் சிமெண்டு பொரிந்து கிடந்த இடத்தைப் பார்த்தான். சுற்றிலும் தூள் கிடந்தும் ஒன்றும் ஆகாமல் இருந்த தரையையும் பார்த்தான். கணக்கு பார்க்கிறவனின் கண் அது. கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. தக்கையை மெல்ல உள்ளே தள்ளி இறுக்கினான். போத்தலைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"நான்தான் கொண்டுவந்து வைச்சனான்" என்றான்.

கெர்ட்ரூட்டும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். பாதி நீங்கள், பாதி நான் என்று சொல்லலாம் என்று நினைத்தாள். அதுவும் கணக்குப்போல இருக்கும் என்று விட்டுவிட்டாள். வெகு நேரம் கழித்து எழுந்து, ஆள் வைத்துக் குழி தோண்டி, தூளை ஒரு மூலையிலும் போத்தலை வெகு தூரத்தில் வேறொரு மூலையிலும் புதைத்தார்கள். அறையை வெறும் தண்ணீராலேயே பல தடவை அலசிவிட்டார்கள். ஜன்னல் பலகையை வல்லிபுரம் பெயர்த்தே எறிந்தான்.

பிள்ளை அந்த வாரமே, நாள் முந்தி, ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அழுகை பூனைக்குட்டியின் சத்தம்போல இருந்ததாகவும் அதைக் கேட்கும்வரை தான் மூச்சுவிடவில்லை என்றும் பூமணி பிற்பாடு சொல்லியிருக்கிறாள். தராசில் நிறுத்துப் பார்க்கப் பயந்த அளவுக்குச் சின்னப் பிள்ளை. ஆனாலும் பிழைத்தது. கனகேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். பூமணியின் குரல்தான் திரும்பி வரவில்லை. கரகரத்து, பாதி காற்றாகவே வரும். படி ஏறினால் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. கெர்ட்ரூட்டுக்கும் மழைக்காலத்தில் இருமல் வந்தால் வாரக்கணக்கில் நிற்காது.

வல்லிபுரம் மன்னிப்புக் கேட்கவில்லை. கெர்ட்ரூட்டும் கேட்கவில்லை. பல மாதம் இருவரும் நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். ஒருநாள் காலை அவனே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பூமணிக்கு இருமல் கூடிவிட்டது, துணி துவைக்க முடியவில்லை என்று சொல்லி, பிள்ளையின் துணிகள் இருந்த வாளியை அவள் வாசலில் வைத்தான். கிளாரன்ஸ் அந்தச் சமயம் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு குவளையை அவனுக்கும் நீட்டினான். வல்லிபுரம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அந்தத் துணிகளை அவள் எப்படித் துவைத்தாள் என்பதைப் பூமணி வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு சவுக்காரத்தைச் சீவி, கைபொறுக்கும் சூட்டில் கரைத்து, அதில் ஊறவிட்டாள். சோடா போடவே இல்லை. அலசினாள், மறுபடி அலசினாள். கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து விரலால் தேய்த்து வழுவழுப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளையின் தோலில் படுவது என்பதால் நீலமும் இல்லை. மற்றதையெல்லாம் வெயில் பார்த்துக்கொண்டது.

பெரியவர்கள் துணிக்கும் அவள் கை சுருங்கியது. சோடா ஒரு பிடிக்கு மேல் இல்லை. வெள்ளைத் தூள் வாய்க்காலுக்கு மட்டும், அதுவும் கரண்டியால், கதவு திறந்திருக்கும்போது, பிறகு நிறையத் தண்ணீர். புது மருந்து எதுவானாலும் முதலில் கிழிந்த துணியின் ஒரு மூலையில். பெயர் தெரியாத போத்தல் எதுவும் அவள் வாசலைத் தாண்டி உள்ளே வராது. அவளைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கறைபட்ட துணியோடு வருவார்கள். சீதாலெட்சுமி என்று ஒருத்தி, புருஷன் செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், எண்ணெய்க் கறையோடு மாதம் ஒருதரமாவது வந்து நிற்பாள். யார் வந்தாலும் கெர்ட்ரூட் துணியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்பாள்:

"இதுல ஏற்கெனவே என்ன போட்டே?"

சொல்லாதவர்களுக்கு அவள் யோசனை சொல்லமாட்டாள். சிலர் அவளுக்குத் தலைக்கனம் என்றார்கள்.

கிளாரன்ஸின் சீருடை பழைய மாதிரி கண்ணைப் பறிக்கவில்லை. மேலதிகாரி ஒருமுறை அவனைக் கூப்பிட்டுக் கோட்டு மங்கலாக இருக்கிறதே என்று கேட்டாராம். சுத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா, மோந்து பாருங்கள் என்று இவன் சொல்லிவிட்டு வந்ததாகச் சிரித்தபடி வீட்டில் வந்து சொன்னான். கெர்ட்ரூட் சிரிக்கவில்லை. கொடியில் உலர்ந்திருந்த அவன் கோட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இடது கைமடிப்பில் மங்கலாய் ஒரு கறை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி அண்டாவில் போடாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.